செலஸ்ரீனாக்காவும் கோபால்ற்றோவின் இரண்டாம் பாகமும்

இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் சனம் எதற்கும் நேர்த்தி வைக்கும். பெர்மெசோ என்கிற வதிவிடக் கடதாசி புதுப்பித்துக் கிடைக்க வேண்டுமா, சாந்தா றொசாலியா மலைக்குச் செருப்பில்லாமல் ஏறும். பிள்ளை சோதனையில் சித்தியடைய வேண்டுமா, மறுபடியும் ஏறும். வேதக்காரரும் ஏறுவோம், சைவக்காரரும் ஏறுவார்கள். அந்தப் புனிதைக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியை ஒரு சினிமாப் படத்தின் இரண்டாம் பாகத்திடம் ஒப்படைத்த ஆளை நான் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். அவர் செலஸ்ரீனாக்கா.

மன்னாரில் பேசாலைக்காரி. பல்லறோ சந்தைக்குப் பின்னால் ஒரே அறையில் அவரும் நானும் ஐந்து வருடம் இருந்தோம். நான் அனிற்றா, ஊர்காவற்றுறை. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவருடைய புருஷன் செல்வராசண்ணை தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் காலையில் ரவுணுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அக்கா தேடாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. பிறகு ஒரு தங்கை முறையானவள் கூப்பிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. செல்வராசண்ணை செத்துவிட்டார் என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. மறைத்துச் சொல்வானேன், நானும் அப்படித்தான் முடிவுகட்டியிருந்தேன். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "உடம்பைக் கண்டவை ஆர்?" என்று ஒரே கேள்வியால் எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுவார்.

லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டு எசமானியின், வீட்டில் அவருக்கு வேலை. அந்த சிஞ்ஞோராவின் மகன் மிலானோவுக்குப் படிக்கப் போனதும் அவனுடைய சித்திரக்கதைப் புத்தகங்கள் இரண்டு பெட்டி நிறைய மிஞ்சின. குப்பையில் போடச் சொன்னதை அக்கா பஸ்ஸில் ஏற்றி எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார். எல்லாம் கோபால்ற்றோ என்ற ஒருவனின் கதைகள். பகலில் துறைமுகத்தில் விளக்குத் திருத்துகிறவன். அநியாயம் நடந்தால் நீல முகமூடி போட்டுக்கொண்டு பறப்பான். ஐரீன் என்று ஒரு மனைவி. அக்கா இத்தாலியன் பாஷையை அந்தப் பெட்டிகளிலிருந்துதான் பொறுக்கி எடுத்தார். அதனால் அவர் பேசுகிற இத்தாலியனும் ஒரு மாதிரித்தான் இருக்கும். பழைய மத்தி மீனைத் தலையில் கட்டப் பார்த்த சந்தைக்காரனைப் பார்த்து, "நடுங்கு, கொடியவனே! உன் முடிவு நெருங்கிவிட்டது!" என்று இத்தாலியனில் கையை நீட்டிச் சொன்னார். அவன் மீனையும் மாற்றிக் கொடுத்து, அன்று முதல் அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெசோவுக்கு நாலாம் தடவையும் நாளைக்கு வா என்றபோது, "நீதி உறங்கலாம், ஆனால் சாகாது" என்றார். உள்ளே இருந்த அதிகாரி கதிரையை விட்டு எழும்பி வந்து ஆளைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடதாசி மட்டும் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் கோபால்ற்றோ படமாக வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எங்களுக்கு வேலை ஓய்வான நேரத்தில், பொலிதேயாமாச் சதுக்கத்துக்குக் கிட்ட இருந்த தியேட்டரில் போய்ப் பார்த்தோம். கடைசியில் கோபால்ற்றோ வெடிகுண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாலத்திலிருந்து கடலுக்குள் விழுகிறான். தண்ணீரில் ஒரு நீலக் கையுறை மிதக்கிறது. படம் முடிந்தது. எல்லாரும் எழும்பிப் போனார்கள், அக்கா எழும்பவில்லை. துப்புரவு செய்கிற பெண் வந்து தும்புத்தடியால் காலைத் தட்டிய பிறகுதான் எழும்பினார்.

"உடம்பைக் காட்டேல்லை. கண்டனியோ?" என்றார். அவர் யாரைப் பற்றிக் கதைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவரைப் பஸ் தரிப்புக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

இரண்டாம் பாகம் வரும் என்று மூன்று வருடம் சனம் காத்திருந்தது. பலெர்மோப் பெடியள் சுவரெல்லாம் நீலக் கையுறை கீறினார்கள். அக்கா புத்தகக் கடைக்காரனிடம் கிழமைக்கொரு தடவை விசாரிப்பார். தொண்ணூற்றாறு புரட்டாதியில் செய்தி வந்தது. கார்த்திகை முதலாம் திகதி வெள்ளிக்கிழமை, சகல புனிதர் திருநாளன்று படம்.

அதே கிழமையில் ஊரிலிருந்து செல்வராசண்ணையின் தமையன் யாக்கோபுவின் கடிதமும் வந்தது. ஆறு வருடமாயிற்று, தம்பியின் ஆத்துமம் செபமில்லாமல் அலைகிறது, இந்த வருடமாவது ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் பேரைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் கோயிலில் அதற்கு ஒரு முறை உண்டு. செத்தவர்களின் பேரைத் துண்டில் எழுதி, சகல புனிதர் அன்று பின்னேரப் பூசைக்கு முன் பெட்டியில் போட வேண்டும். மறுநாள் பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்துவிட்டால் பிறகு பேச்சில்லை. அந்த வீட்டுக்காரி விதவை.

நான் கடிதத்தை வாசித்துவிட்டு, "அவர் சொல்லுறதிலை ஒரு பிழையும் இல்லையக்கா" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். பிறகு, "படம் வரட்டும்" என்றார்.

"என்ன படம்?"

"கோபால்ற்றோ உயிரோடை வந்தால் பேர் குடுக்க மாட்டன். செத்துப் போனான் எண்டால் குடுக்கிறன். எனக்கு முடிவு எடுக்கத் தெரியேல்லை அனிற்றா. ஆராவது எடுக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அக்கா, உங்களுக்கு விசரே? அது ஆரோ சம்பளத்துக்கு எழுதின கதை!" என்று கத்தினேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். கிழங்கை அடுப்பில் வைத்தார். சொன்ன சொல்லை அவர் மாற்றுகிற ஆள் இல்லை. ஆகவே அன்றிலிருந்து எனக்கும் அந்தப் படத்துக்கு நாள் எண்ணுகிற வேலை வந்து சேர்ந்தது.

இதை நான் றொஜரிடம் சொன்னேன். றொஜர் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன், கோபால்ற்றோ பைத்தியம் என்றால் அக்காவுக்கு அடுத்த ஆள். கேட்டதும் அவனுடைய முகம் செத்துவிட்டது.

"ஐயோ அனிற்றாக்கா. புத்தகத்திலை ஆள் முடிஞ்சுதே! கடைசி இதழ் அக்கான்ரை பெட்டியிலை இல்லை. நான் கடையிலை நிண்டு வாசிச்சனான். உடம்பைக் கரையிலை எடுத்து, ஐரீன் புதைக்கிறாள். பிறகு வேறை ஒரு பெடியன் முகமூடியைப் போடுறான்."

"படத்திலையும் அப்பிடித்தானோ?"

"புத்தகத்திலை உள்ளதைத்தானே எடுப்பினம்."

யோசித்துப் பாருங்கள். பூசைக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக அக்காவைக் கரைச்சல்படுத்தியவள் நான். நான் கேட்டது நடக்கப் போகிறது என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்கா அந்தப் பேரை எழுதுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. றொஜரிடம் வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கினேன்.

வாயைத் திறக்கவில்லை, வேறு வேலை பார்த்தான். ஐப்பசி முடிகிற நேரத்தில் பலெர்மோத் தெருக்களில் சீனிப் பொம்மை விற்பார்கள். ஆளின் மனதைத் தேற்றலாம் என்று நினைத்து, கடைத்தெருவில் கண்ட ஒரு கோபால்ற்றோ பொம்மையை வாங்கிக்கொண்டு வந்தான். முழுக்கச் சீனி, நீல முகமூடி, சிவந்த கன்னச் சொக்கு. சிரித்துக்கொண்டு அக்காவின் கையில் கொடுத்தான்.

அக்கா அதை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "இது ஆர் குடுக்கிறது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"நான்தான் அக்கா வாங்கினனான்."

"இந்த ஊரிலை ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சீனிப் பொம்மை செத்தவைதான் கொண்டுவருவினம். சிஞ்ஞோரா, மகன் இஞ்சை இருக்கேக்கை ஒவ்வொரு வருசமும் அவன்ரை கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சு, தாத்தா மேலை இருந்து கொண்டுவந்தவர் எண்டு சொல்லுறவ."

றொஜர் வந்து இரண்டு வருடம்தான். அவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கதவடியில் பொம்மையைக் கண்டபோது என் மூளை எங்கே மேயப் போனதோ. அக்கா பொம்மையை மேசையில் வைத்தார். உடைக்கவுமில்லை, தின்னவுமில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெறுந்துண்டு ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்ததைக் கண்டேன்.

முதலாம் திகதி மூன்று மணிக் காட்சிக்கு நாங்கள் மூவரும் போனோம். வாசலில் நீலச் சாயம் பூசிய முகங்களும், போர்வையை முதுகில் கட்டிய இளந்தாரிகளுமாய் ஒரே அமளி. நடுவில் அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சாம்பல் சேலையோடு நின்றார். படம் முடிந்து நேரே கோயிலுக்குப் போகிற நினைப்பு.

படம் தொடங்கியது. ஐரீன் கறுப்பு உடுத்தியிருந்தாள். கோபால்ற்றோவைக் காணவில்லை. ஒரு பெடியன் வந்து முகமூடியைக் கையில் எடுத்தான். றொஜர் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டான். இடைவேளைக்கு வெளிச்சம் போட்டபோது தியேட்டர் முழுவதும் முணுமுணுப்பு. அக்கா கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து மடியில் விரித்தார்.

"பேனை இருக்கோ அனிற்றா?"

அவருடைய குரலில் அழுகை இல்லை. பஸ்ஸுக்கு ரிக்கற் இருக்கோ என்று கேட்பது போலக் கேட்டார். என் பையில் பேனை இருந்தது. நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்குச் சாமான் எழுதுகிற பேனை, கையை விட்டால் விரலில் படும்.

"இல்லையக்கா" என்றேன். திருநாளும் அதுவுமாய்ப் பொய் சொன்னேன். அக்கா றொஜரைப் பார்த்தார். அவன் தன் சேட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டு இல்லையென்று தலையாட்டினான்.

வெளிச்சம் அணைந்தது. திரையில் மழை பெய்தது. ஐரீனின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தாள். முகமூடியில்லாமல், தாடியோடு, நனைந்தபடி கோபால்ற்றோ நின்றான். ஐரீன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கையை ஓங்கி, பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டாள்.

சனம் விசிலடித்தது, கதிரையைத் தட்டியது, போர்வைகளை மேலே எறிந்தது. அந்த ஆரவாரத்துக்குள் அக்கா எழும்பி நின்று, சுத்தத் தமிழில், "இன்னுமொண்டு குடு! நல்லாய்க் குடு!" என்று கத்தினார். பின்னால் இருந்தவர்கள் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். இருந்தார். படம் முடியுமட்டும் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வில்லனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் றொஜர் துள்ளினான். "அக்கா, வெண்டிட்டம்! பேர் குடுக்கத் தேவையில்லை!"

அக்கா அவனைக் கவனிக்கவில்லை. துண்டை எடுத்து என் கையில் திணித்தார். "உன்ரை ஐயா செத்தவர்தானே, அவற்றை பேரை எழுதிப் போடு. கடதாசி வீணாய்ப் போகாமல்." பிறகு கேட்டார், "அவள் ஏன் அடிச்சவள் எண்டு விளங்கினதோ?"

"பாசத்திலை" என்றேன்.

"விசரி, கோவத்திலை. நான் ஆறு வருசமாய் அழுதனான், செபிச்சனான், மருதமடு மாதாவோடை சண்டை பிடிச்சனான். அந்த மனுசனோடை ஒரு நாள்கூடக் கோவிக்கேல்லை. ஏன் சொல்லு? செத்தவையோடை ஆரும் கோவிக்கிறேல்லை. உயிரோடை இருக்கிறார், இருக்கிறார் எண்டு உங்களுக்குச் சொல்லிச் சொல்லி, உள்ளுக்கை நான்தான் முதல் புதைச்சிருக்கிறன்."

பொலிதேயாமாச் சதுக்கத்தில் திருநாள் கூட்டம், ஐஸ்கிறீமும் கையுமாய்ச் சனம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மனைவிமார் புருஷனின் பேரைச் சொல்வதில்லை. ஐந்து வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பியும் அந்தப் பேரை அக்காவின் வாயால் நான் கேட்டதில்லை. அவர் சதுக்கத்தின் நடுவில் நின்று, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"செல்வராசா!" என்றார். "எங்கை போய்த் துலைஞ்சனீங்கள்? ஆறு வருசம்! ஒரு கடிதம் போடக் கை முறிஞ்சு போச்சோ? நான் இஞ்சை ஆரோ ஊரான் வீட்டுச் சேட்டுக்கு அயன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். உங்களுக்குக் கொஞ்சமெண்டாலும் வெக்கம் இருக்கோ? சாப்பிட்டனீங்களோ, இல்லையோ எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

சனம் திரும்பிப் பார்த்தது. றொஜர் அவரை இழுக்கப் போனான். நான் அவனைத் தடுத்தேன். அக்கா நிறுத்தவில்லை. கலியாணத்துக்கு முதல் சொன்ன பொய்யிலிருந்து தொடங்கி, வள்ளம் வாங்கிய கதைவரை ஒவ்வொன்றாய் எடுத்துத் திட்டினார், கண்ணீர் ஒரு பக்கம் ஓட. எங்கள் பஸ் வந்தது, போனது. ஐந்து வருடமாக நான் செத்தவர் என்று கணக்கை முடித்து வைத்திருந்த அந்த மனிதர், பதில் சொல்ல வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சதுக்கத்தில் எங்களுக்கு முன்னால் நிற்பதாகவே அன்று எனக்கும் பட்டது.