மும்தாஜ் அக்காவும் என் டிஸ்கஸ் குஞ்சுகளும்

“டீச்சர், உங்க மீன் மேல பூச்சி புட்ச்சிருக்கு.”

போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒரு போன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பைக்கிலிருந்து விழுந்து என் கணவருக்கு முழங்கால் உடைந்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன். துணைக்கு நான்.

கிளம்பும்போது என் கவலை முழுக்க மீன் தொட்டியைப் பற்றித்தான். (மாமியார் இந்தப் பதிவைப் படித்தால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.)

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிற தொட்டி அது. உள்ளே இருப்பவை டிஸ்கஸ் மீன்கள். தட்டு போல வட்டமாக, நீலமும் செம்மண் நிறமும் கோடு கோடாக இருக்கும். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தேடித் தேடி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். விலையைக் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதில் ஒரு ஜோடி அடிக்கடி முட்டையிடும். இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். குஞ்சு என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மும்தாஜ் அக்கா செங்கம் ரோடு பக்கம், ஆசிரமத்துக்காக வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது அவர்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், நாய்க்குச் சோறு வைப்பார். மீன் வளர்த்ததில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அமர்த்தினேன்.

தீனி எவ்வளவு, எப்போது என்று காட்டிக் கொடுத்தேன். அதோடு ஒன்றே ஒன்று சொன்னேன். எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் கையை வைப்பதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யுங்கள் என்று.

அப்படி வந்த போன்தான் அது.

“பொடிப் பொடியா ரெண்டு மீன் மேலயும் ஒட்டிக்கினு கீது டீச்சர். பாவம், அதுங்க உதறிப் பாக்குது, போக மாட்டேங்குது. வலையில வழிச்சி எடுத்துடட்டா?”

எனக்குக் காபி கசந்துவிட்டது. வீடியோ கால் போடச் சொன்னேன்.

படம் முதலில் மங்கலாக ஆடியது. அப்புறம் தெளிந்தது.

பூச்சி இல்லை. கண்ணும் வாலும் மட்டுமே வைத்துப் படைத்தது போலத் துளித் துளியாகக் குஞ்சுகள். பெற்ற இரண்டின் உடம்பிலும் மொய்த்துக்கொண்டிருந்தன.

டிஸ்கஸ் குஞ்சு நீந்த ஆரம்பித்ததும் தாய், தகப்பன் இரண்டின் தோலிலும் வழவழவென்று ஒன்று சுரக்கும். அதைக் கொத்தித் தின்றுதான் குஞ்சுகள் வளரும். படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. நான் கிளம்பிய பிறகு ஃபில்டர் பைப்பின் பின்பக்கம் முட்டை போட்டிருக்கிறது. அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

“அக்கா, அது குஞ்சு. பால் குடிக்கிற மாதிரி குடிக்குது. தொடாதீங்க” என்றேன்.

அக்கா போனைத் தொட்டிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு மெதுவாக, “அப்பன் மேலயும் குடிக்குதா?” என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் திருவண்ணாமலையில் காற்றும் மழையும். எங்கள் தெருவில் மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்துவிட்டது என்று அக்கா போன் செய்தார். சார்ஜ் தீரப் போகிறது என்று இன்வெர்ட்டரும் கூவ ஆரம்பித்திருந்தது. அது நின்றால் பம்ப் நின்றுவிடும். பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று இருக்காது. பெரிய மீன்களே திணறும், குஞ்சுகள் எம்மாத்திரம்!

சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கொஞ்சம் உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றச் சொன்னேன். குஞ்சுகள் இல்லாத ஓரமாக, மெதுவாக.

“எவ்ளோ நேரம் டீச்சர்?”

“கரண்ட் வர்ற வரைக்கும்க்கா.”

அதோடு லைன் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை முறை அடித்தாலும் ஸ்விட்ச் ஆஃப்.

யாரால் அப்படி ஊற்றிக்கொண்டே இருக்க முடியும்? அதுவும் அடுத்தவர் வீட்டு மீனுக்கு? வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். என் கணவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நர்ஸ் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். (உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.)

காலையில் நாத்தனார் வந்து கணவரைப் பார்த்துக்கொள்ள, நான் பஸ் ஏறினேன். போளூர் தாண்டும்போது, மிதக்கிற மீன்களை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தது மும்தாஜ் அக்காவின் கணவர், ஆட்டோ ஓட்டுகிற பாய். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. ஹாலெல்லாம் தண்ணீர். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்கா தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்துகொள்ளக்கூட இல்லை.

“பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

பார்த்தேன். தகப்பன் மீன் உடம்பெல்லாம் குஞ்சுகளோடு தாய்க்குப் பக்கத்தில் வந்து, ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. அத்தனையும் பொலபொலவென்று விலகி, நேரே தாயின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. தகப்பன் ஒதுங்கிப் போய் ஓய்வெடுத்தது.



அக்கா சொன்னார்: “இதத்தான் டீச்சர் நேத்து பூரா பாத்தேன். கை ஓஞ்சி போயி வுட்டுடலாம்னு இருந்தேன். அப்போ அது உதறுச்சி, இது வாங்கிக்கிச்சி. ஒடனே தெரு முனையில நின்ன எங்க வூட்டுக்காரரக் கூப்புட்டேன். நான் கொஞ்ச நேரம், அவரு கொஞ்ச நேரம்.”

பாய் சிரித்தார். “காலையில கரண்ட் வந்ததுக்கு அப்புறமும் இவ நிறுத்தல. ஊத்திக்கினேதான் இருந்தா.”

அவர்கள் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, இன்னொரு முறை அது சிலிர்க்கிற வரைக்கும் காத்திருந்தோம்.

சாயங்காலம் நான் மறுபடி வேலூர் கிளம்ப வேண்டும். தீனி, தண்ணீர் என்று இந்த முறை அக்காவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அக்காதான் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “சாரை நல்லாப் பாத்துக்கோங்க டீச்சர். தூக்கம் வந்தா நாத்தனாரை மாத்தி வுடுங்க.”