எனக்குக் கிடைத்த லீவு

அறுபதுகளின் கடைசியில், நான்காம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு நாள் எனக்குத் தனி லீவு கிடைத்தது. மழை இல்லை, கருடசேவை இல்லை, தலைவர் யாரும் செத்துப்போகவும் இல்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பள்ளிக்கூடத்தையே கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் என்னை மேஜைப் பக்கம் கூப்பிட்டு, என்றைக்கும் இல்லாத அன்போடு, "நாளைக்கு நீ வரவேணாம்மா, வூட்லயே இருந்துக்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் இத்தனை பேர் இருக்க, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தறியில் ஒரு கல்யாணப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. கரைப் பக்கம் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டும் இன்னொரு நாடாவை எறிய ஒரு ஆள் வேண்டும். அம்மா பிள்ளை பெற்று எழுந்திராத நேரம். புடவை ஆயிற்றா என்று முதலாளி வீட்டு ஆள் காலையும் மாலையும் வந்து நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் எறிகிற கொஞ்ச நேரத்தில் எவ்வளவு நகரும்? என் லீவைக் கேட்டால் அப்பா குளிர்ந்துபோவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார்.

"இன்னாத்துக்கு வரவேணாமாம்?"

"இன்ஸ்பெக்டர் கேள்வி கேப்பாராம்பா. எனக்கும் பின்பெஞ்சு பசங்க ரெண்டு பேருக்கும் லீவு."

மறுநாள் காலையில் அப்பா தறியின்மேல் துணியைப் போர்த்தினார். விசேஷங்களுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அழுதேன்.

நாங்கள் போனபோது இன்ஸ்பெக்டர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மெதுவாகப் பேச அவருக்கு வராது.

"சார், எம் பொண்ணுக்கு வாய்ப்பாடு வர்ல. வந்திருந்தா நான் ஏன் சார் இங்க அனுப்பறேன்? வராததுக்குத்தானே சார் இஸ்கூலு?"

வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது. வாத்தியார் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதான் சார்" என்றார் அப்பா, வழக்கில் ஜெயித்தவர்போல.

வெட்கத்தில் செத்துப்போனேன். ஏழு எட்டு தெரியவில்லையே என்றுகூட இல்லை. அப்பாவை நினைத்துத்தான் வெட்கம். அந்தச் சட்டை, அந்தக் காய்த்துப்போன கை, ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல்! இவர் யாரோ என்று இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார் பல நாள் என் பக்கமே திரும்பவில்லை. ஏழாம் வாய்ப்பாடு அடுத்த வருஷம்தான், வேறொரு டீச்சரிடம் வந்தது. பிறகு நானே டீச்சரானேன். பயிற்சிப் பள்ளியில் கல்வியின் நோக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கினேன். வகுப்பில் போய் நின்றபோது கைகொடுத்தது என்னவோ அப்பா போட்ட அந்தச் சத்தம்தான். தெரிந்த பிள்ளை நான் இல்லாவிட்டாலும் படித்துக்கொள்ளும்; தெரியாத பிள்ளைக்காகத்தான் எனக்குச் சம்பளம். அப்படி நினைக்கும்போதெல்லாம், அவரைப் பார்த்து அன்று கூசியதற்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் அப்பாவோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு படுத்திருந்த அம்மாவிடம் போய் அழுதேன். அடுத்த அறையில் தறி ஓடவில்லை. கரைப் பக்கம் ஆள் இல்லாமல் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கும் சின்ன வயசுல ஒரு வாத்தியாரு இப்டித்தான் லீவு வுட்டாராம்மா. இன்ஸ்பெக்டரு வந்துட்டுப் போனப்பறமும் இவரு போவவே இல்ல. தறியில குந்திக்கினாரு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அதையும் கெடுத்துவிட்டார். அவருக்கு மட்டும் முடியவே முடியாத லீவு.