கண்ணாடிக் கதவின் இந்தப் பக்கம்

காலை மேசையில், ரொட்டிக்கும் செர்ரி ஜாமுக்கும் நடுவே ரேட்டோ ஓர் உறையை வைத்தான். நாற்பதாவது திருமண நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. லிஸ்லோட் பிரித்துப் பார்த்தாள். நாட்டில் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்கிற ஓராண்டுப் பயணச் சீட்டு. அவள் பெயரில், முதல் வகுப்பு.

"இனிமே நீயும் என்கூட உக்காந்து வரலாம்," என்றான். அவன் முகம் பூரித்திருந்தது.

கையிலிருந்த வெண்ணெய்க் கத்தியை அவள் கீழே வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு பேசுவது நல்லதல்ல என்று பட்டது.

"என்ன, பிடிக்கலையா?"

"பத்தொம்பது வருஷம், ரேட்டோ."

"என்ன பத்தொம்பது வருஷம்?"

அவன் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

லிஸ்லோட் பேர்ன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அந்த வேலைக்கு நாள் முழுக்க நிற்க வேண்டும். ரேட்டோ அதே ஊரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தான்; இந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றான். லாங்கென்தாலிலிருந்து இருவரும் போனது ஒரே ரயில், காலை ஆறு நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடம் முன்பு அவனைப் பிரிவுத் தலைவனாக்கியபோது நிறுவனம் முதல் வகுப்புச் சீட்டும் கொடுத்தது; ஓய்வுக்குப் பிறகும் அவன் அதைத் தன் காசில் புதுப்பித்துக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை இருவரும் சேர்ந்துதான் நடைமேடைக்கு வந்தார்கள். முதல் வகுப்பு வந்து நிற்கும் 'ஏ' பலகைக்குக் கீழே அவன் நின்றுகொண்டான். அவள் கன்னத்தில் முத்தமிட்டு, "பேர்ன்ல பாக்கலாம்," என்றான். புதுச் சட்டை போட்ட பிள்ளையைப் போல ஒரு வாரம் ஆடிவிட்டு வந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

அவன் வரவில்லை. அந்த ரயிலில் ஒரே பெட்டியின் முன்பாதி முதல் வகுப்பு, பின்பாதி இரண்டாம் வகுப்பு. நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. கடைசிப் பெட்டிகளில் உட்கார இடம் கிடைக்கும் என்று தெரிந்தும் அவள் அந்தப் பின்பாதியிலேயே ஏறினாள். கதவோரம் நின்றால் அவன் தலையாவது தெரியும். கூட வேலை செய்யும், அதே ரயிலில் வரும் ஃபாத்மிரே பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "லிஸ்லோட், உங்க வீட்டுக்காரர் தொட்டியில விட்ட மீன் மாதிரி இருக்காரு. தீனி போட்டீங்களா?" லிஸ்லோட்டும் கூடவே சிரித்தாள். சில வருடம் சிரிக்க முடிந்தது.

பிறகு அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். எட்டு வாரம் கழித்து, ஒற்றை ஊன்றுகோலுடன், அரைநாள் வேலைக்குத் திரும்பினாள். அன்று மழை. பெட்டியில் கூட்டம் நெரிந்தது. பாதி வழியிலுள்ள புர்க்டோர்ஃப் வரை கண்ணாடியில் சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கம் அவனுக்கு எதிர் இருக்கையில் அவன் குடை மட்டும் இருந்தது. நாளிதழின் பக்கத்தைத் திருப்பும்போது அவன் நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான், கையைத் தூக்கி ஆட்டினான். மறுபடி படிக்கத் தொடங்கினான். யாரோ ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.

அடித்திருந்தால் கூட இத்தனை வருடம் அது அவளுக்குள் இருந்திருக்காது. அவன் கையில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அயல்வீட்டுக்காரரைப் பார்த்து ஆட்டுவது போல நட்பாகவே ஆட்டினான். கெட்ட எண்ணத்தோடு செய்ததை மன்னிக்க வழியுண்டு. எண்ணமே இல்லாமல் செய்ததை எங்கே பிடித்து மன்னிப்பது? மறுநாளிலிருந்து அவள் கடைசிப் பெட்டிக்குப் போய்விட்டாள். அவள் இடம் மாறியதை அவன் கேட்கவே இல்லை.

"நீ முதல் வகுப்புக்கு வர முடியாதுல்ல, அதான் வாங்கினேன்," என்றான் ரேட்டோ இப்போது. "விதி அப்படி. நான் என்ன பண்ண?"

"நான் அங்க வரக்கூடாது. சரி. நீ இங்க வரக்கூடாதுன்னு எந்த விதி சொல்லுது?"

அவன் ரொட்டியில் ஜாமைத் தடவினான். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவன் இரண்டாம் வகுப்பில் தாராளமாக உட்காரலாம். அந்தக் கதவு ஒரு பக்கத்துக்காரர்களுக்கு மட்டும்தான் கதவு.

"அங்க ஒரே சத்தம். எனக்கு வேலை இருந்துச்சு."

"நீ பேப்பர் படிச்ச."

"சரி, நான் அப்படி யோசிக்கல. அது ஒரு குத்தமா?"

"ஆமா. அதுதான் குத்தம்."

அவன் ரொட்டியைத் தின்றான். அவள் தன் காப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

அன்று மாலையே அவள் நிலையத்துச் சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். தன் சீட்டை இரண்டாம் வகுப்பாக மாற்றச் சொன்னாள். கவுன்ட்டரிலிருந்த இளைஞன் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஏத்திக்கதான் எல்லாரும் வருவாங்க. நீங்க எறக்கச் சொல்றீங்களே."

"எறக்கம்னு நீங்க சொல்றீங்க. நான் சொல்லல. மாத்திக் குடுங்க."

அவன் மாற்றிக் கொடுத்தான்.

வீட்டில் ரேட்டோ முதலில் வேடிக்கை என்று நினைத்தான், பிறகு கத்தினான். "பிடிவாதம்! எனக்குப் பாடம் நடத்துறியா?" அவள் மறுக்கவில்லை. "சனிக்கிழமை தூன் போறோம். நீ எந்தப் பெட்டியில வேணா ஏறிக்க. உன் சீட்டு எல்லாத்துலயும் செல்லும்."

திருமண நாளான சனிக்கிழமை காலை இருவரும் நிலையத்துக்கு ஒன்றாக நடந்தார்கள். தூன் ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லியிருந்தது. நடைமேடையில் ஏறியதும் அவன் கால்கள் தாமாக 'ஏ' பலகைக்கு அடியில் நின்றன. அவள் நிற்கவில்லை.

"லிஸ்லோட்! இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான்."

கடைசிப் பெட்டியில் மலையேறப் போகிறவர்கள், அவர்களது முதுகுப் பைகள், முகாமுக்குத் திரும்பும் படைவீரர்கள், பாலாடைக்கட்டி வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. இந்த ஊரில் கேட்காமல் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அடுத்த நிலையமான புக்ஸியில் ஏறிய ஓர் ஆள் கேட்டார்: "இது காலியா?"

"ஆள் வருது," என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்து போய் நின்றுகொண்டார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள கதவு திறக்கும்போதெல்லாம் அவள் பார்த்தாள். தன்னைப் பார்க்க வைத்ததற்காக அவனை மனதுக்குள் திட்டினாள். பார்த்ததற்காகத் தன்னையும் திட்டினாள். அறுபத்திரண்டு வயதில், ஒரு பொய் சொல்லி, யாரோ ஒரு மனிதரை நிற்கவைத்து, எதற்காக இந்த இருக்கையைக் காவல் காக்கிறாள்?

புர்க்டோர்ஃபில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். "இது காலியா?"

லிஸ்லோட் கதவை ஒருமுறை பார்த்தாள். "காலிதான்மா. உக்காரு."

வண்டி கிளம்பிச் சில நொடியில் ரேட்டோ வந்தான். பைகளைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, சிவந்த முகத்தோடு வந்து நின்றான். குழந்தையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இடம் வைக்கலையா?"

"வெச்சிருந்தேன். இவ்வளவு நேரம்."

சுற்றிலும் ஆட்கள். இருக்கையின் மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். வளைவில் வண்டி சாய்ந்தபோது ஒரு படைவீரனின் பை அவன் முழங்காலில் இடித்தது. அவள் எழுந்து தன் இடத்தைத் தருவாள் என்று அவன் எதிர்பார்ப்பது தெரிந்தது. நாற்பது வருடமாக அவள் அப்படித்தான் தந்திருக்கிறாள். இன்று அசையவில்லை. குழந்தை அவள் கைக்கடிகாரத்தை இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பேர்னில் இறங்கித் தூன் வண்டி நிற்கும் நடைமேடைக்கு ஏறினார்கள். வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. படிக்கு நேர் எதிரே முதல் வகுப்பு, ஜன்னல்களுக்கு மேல் மஞ்சள் கோடு, உள்ளே வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். ரேட்டோ நின்றான்.

"முட்டி வலிக்குது. உன் பெட்டிக்கே வந்து நின்னேனே, போதாதா உனக்கு?"

"பதினஞ்சு நிமிஷம் நின்ன, ரேட்டோ."

சொல்லிவிட்டு அவள் வண்டியின் கடைசியை நோக்கி நடந்தாள். பின்னால் அவன் உரக்கத் திட்டுவது கேட்டது. அந்தக் குரல் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. அவளைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் நடையைக் குறைக்கவில்லை.