உயிரோடிருந்த எழுத்தாளரை ஆராயப் போனேன்

இறந்துபோன புலவரை ஆராய்கிறவனுக்குச் செல்லுப்பூச்சி ஒன்றுதான் எதிரி. உயிரோடிருக்கும் எழுத்தாளரை ஆராயப் புறப்பட்டவனுக்கு ஊரெல்லாம் எதிரி. இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஒருவர் வயிற்றெரிச்சல் மற்றவருக்குத்தான் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். கொழும்பில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காலியானது. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதி ஒப்பேற்றினால் அது எனக்குக் கிடைக்கும் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ‘மூங்கிலடியான்’. கண்டியில் அச்சான ஒரு மாதப் பத்திரிகையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பற்றிக் கதை எழுதியவர். அது புனைபெயர் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு அது பெரிய வசதியாகத் தோன்றியது. என் புத்தியை என்ன சொல்வது!

தலைப்பைக் கேட்டவர்

கட்டுரையைப் பார்வையிட நியமிக்கப்பட்டவர் கண்டிக் குளத்தருகே குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். நான் தலைப்பைச் சொன்னதும் மனிதர் வெற்றிலையை மெல்ல மறந்துபோய் என்னையே பார்த்தார். ஏதோ சாவுச் செய்தி கொண்டுவந்தவன் போல நான் நின்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதல் அதிகாரம் ஆசிரியர் வரலாறு. பெயர், ஊர், தொழில் எல்லாம் ஆதாரத்தோடு வரவேண்டும்.

விடைபெற்றுப் படியிறங்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: “உயிரோடை இருக்கிற ஆளை ஆராயிறதோ காணும்? நாளைக்கு அந்தாள் மனம் மாறி வேறை மாதிரி எழுதினால், உம்மடை முடிவுரைக்கு ஆர் பொறுப்பு?”

கருவாட்டுக் கடையில் ஒரு திறனாய்வாளர்

பத்திரிகையின் பழைய பிரதிகள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. விற்காமல் மிஞ்சியவற்றைப் பிலிமத்தலாவையில் ஒரு மளிகைக் கடைக்குச் சாமான் சுற்றக் கொடுத்துவிட்டார்களாம். தலைதெறிக்க ஓடினேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் காக்கா; தாள்கட்டு அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புரட்டிப் பார்த்தால், நான் மாதக்கணக்கில் தேடிய கதையின் தலையும் காலும் இருக்கின்றன, நடுப்பக்கத்தைக் காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காக்கா பதறவில்லை. மல்லியை நிறுத்தபடியே அந்தப் பக்கத்தை வரிவரியாக ஒப்பித்தார். நான் ஓடிப்போய்ப் பென்சில் எடுத்து எழுதிக்கொண்டேன். என் கட்டுரையில் மேற்கோளாக நிற்கும் ஒரு பகுதிக்கு மூலப்பிரதி அவர் வாய்தான் என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன். ‘இவ்வளவும் எப்படி மனப்பாடம்?’ என்று வாய் பிளந்து கேட்டேன். “படிக்காம ஒரு தாளயும் நான் சுத்துறல்ல மாஸ்டர்,” என்றார். “நல்ல கதைக்குள்ள கருவாட்ட வெக்க மனசு வருதில்ல, அதுக்கு மட்டும் மல்லி.”

நாற்பது பக்கத் தத்துவம்

மூங்கிலடியானின் கதைகள் முடியமாட்டா. ஒரு பெண் கதவைத் திறப்பாள், அத்தோடு நின்றுவிடும். ஒருவன் பதில் சொல்ல வாயெடுப்பான், கதை அவ்வளவுதான். இதைக் கண்டு நான் சொக்கிப்போனேன். வாழ்க்கைக்கு முடிவுரை கிடையாது என்ற நவீனக் கருத்தை இவர் வடிவத்திலேயே காட்டுகிறார் என்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளினேன். கட்டுரையின் உயிரே அந்த அதிகாரம்தான்.

ஆசிரியர் வரலாற்றுக்காக அச்சுக்கூடத்துக்குப் போனபோது, அச்சுக்கோக்கும் போர்மன் அந்தோனியிடம் பேச்சோடு பேச்சாக அந்த முடிவுகளைப் புகழ்ந்தேன். அந்தோனி கையிலிருந்த ஈய எழுத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியை இழுத்துக் கையெழுத்துப் பிரதிகளைக் காட்டினார். ஒவ்வொரு கதைக்கும் முழுசாக, அழகாக ஒரு முடிவு இருந்தது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சிவப்புக் கோடு. நாற்பது பக்கம்! அப்புறம்தான் கவனித்தேன். கதைகள் எல்லாம் ஏதோ தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்பு அறிவிப்புப் படிவங்களின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தன. உறையில் ஹேவாஹெட்ட தபால் முத்திரை.

அந்தோனி ஆறுதலாக என் தோளைத் தட்டினார்: “தைல வெளம்பரம் கடைசி நேரத்துல வருதுங்க. எடம் பத்தாட்டி கதையோட வாலத்தான் வெட்டணும், வெளம்பரத்த வெட்டினா மொதலாளி நம்ம வால வெட்டிருவாரு.”

ஐயா இருக்கிறாரா?

படிவத்தை வைத்து நான் துப்பறிந்துவிட்டேன்: மூங்கிலடியான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா! அடுத்த சனிக்கிழமையே கட்டுரையைக் கட்டிக்கொண்டு ஹேவாஹெட்டவுக்கு பஸ் ஏறினேன். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். மழையில் தேயிலைக்குள் ஏறி இறங்கி ஆஸ்பத்திரியை அடைந்தேன். கழுத்தில் செபமாலை போட்ட ஓர் அம்மா கத்தரிக்கோல்களை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்து மருத்துவிச்சி.

ஐயா கண்டிக்குப் போய்விட்டார் என்றார். ‘சரி, மூங்கிலடியானைத் தேடி வந்தேன் என்று சொல்லுங்கள்’ என்றேன். அந்த அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையிலிருந்த கட்டுரைக் கட்டை வாங்கி, நின்றபடியே வாசித்தார். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். ஐயோ, ஐந்தாம் அதிகாரம்! ‘இவ்வாசிரியர் ஓர் ஆண்மகனாதலால் பிள்ளைப்பேற்றை நேரில் கண்டவரல்லர்; அக்காட்சிகள் யாவும் மிகைக் கற்பனை’ என்று நான் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிவைத்திருந்த பக்கம். மூங்கிலடியானே எதிரில் நிற்கிறார்; பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா?

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை பெற்ற பெண்களின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டும் தோட்டத்து ஆபீசுப் பெரிய கிளாக்கரைப் பற்றிய கதை எழுதியது யார் என்று அந்தப் பெரிய கிளாக்கரே தேடிக்கொண்டிருக்கிறாராம். பிறகு, நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். பேரை எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வாசல்வரை வந்து சொன்னார்: “வாத்தியாரய்யா, எம் பேரு வெளிய வந்தா அன்னைக்கே வேலய விட்டுப் போன்னு பத்துச்சீட்டக் குடுத்து மலைய விட்டு எறக்கிருவாங்க. நான் எங்கயாவது போய் பொழச்சிக்குவேன். அடுத்த வலி வர்றவள யாரு பாக்கிறது?”

நன்றியுரை

கட்டுரை முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு பெயர் இல்லை, ஒரு தோட்டம் இல்லை. முதல் அதிகாரத்தில் ‘ஆசிரியர் தம்மை வெளிப்படுத்த விரும்பவில்லை’ என்று ஒரே வரி. ஒரு சனிக்கிழமை காலை பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நிம்மதியாகக் கரட்டுப் பிரதியைப் புரட்டினேன்.

உங்களுக்குத் தெரியும், நன்றியுரையை நாம் மூளையால் எழுதுவதில்லை. எல்லாம் எழுதி முடித்த களைப்பில், நெஞ்சு நெகிழ்ந்து எழுதுகிறோம். முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்: மூங்கிலடியானைப் பற்றிய செய்திகளையெல்லாம் தந்துதவிய இன்ன தோட்டத்து மருத்துவிச்சி, இன்னார் அவர்களுக்கு. முழுப் பெயர், ஞானஸ்நானப் பெயரோடு! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர்மார் பேராசிரியர் வீட்டில் கூடித் தமிழ் பேசுவது வழக்கம். புதிதாக வந்த கட்டுரை அவர்கள் நடுவில் மேசையில் கிடக்கும். செருப்பைப் போடவும் மறந்து குளத்தைச் சுற்றி ஓடினேன்.

பேராசிரியர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். நாலாம் அதிகாரம், ஐந்தாம் அதிகாரம், ஒன்றையும் அவர் திறக்கவில்லை. நன்றியுரையை மட்டும் வாசித்திருந்தார். “ஆர் காணும் இந்த மனிசி? என்ரை பேருக்கு முன்னாலை நிக்கிறா?” என்று கத்தினார். அவருடைய ஆத்திரம் அதுதான்! பிழைத்தேன் கடவுளே என்று, வரிசையை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அந்தத் தாளைக் கேட்டேன். கொடுத்தார். ஆனால் அந்தப் பெயரும் இரண்டாவதாக இருந்தேயாக வேண்டும், மூலம் காட்டாத கட்டுரையைத் தான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார். கொழும்பு வேலை ஒரு நிமிஷம் என் கண்முன்னே நின்றது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். சாத்திய கதவோடு அந்த அம்மா நினைவுக்கு வந்தார். தாளை நாலாய், எட்டாய்க் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

பேராசிரியர் பேயறைந்தவர் போல இருந்தார். கட்டுரையைக் கயிற்றால் கட்டி, தாமே எழுந்துவந்து என் கையில் தந்தார். இந்த முறை குரலில் கோபம் இல்லை. “உமக்குத் தமிழ் இருக்கு, உழைப்பும் இருக்கு. ஆனால் எழுதின ஆளிலை இரக்கம் இருக்குக் காணும். அது இருக்கிறவனுக்கு இந்தத் தொழில் சரிவராது, போம்.”

கொழும்பு வேலை எந்தக் காலத்திலோ இறந்துபோன ஒரு புலவரை ஆராய்ந்தவருக்குப் போயிற்று, ஹேவாஹெட்டப் பக்கம் பிள்ளைகள் தவறாமல் பிறந்துகொண்டிருந்தன, அவ்வளவு தூரம் முட்டி மோதி நான் உண்மையாகக் கண்டுபிடித்த ஒரே ஒரு பெயரை என் பெண்சாதியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.