பன்னிரண்டாம் படுக்கைக்காரர்

எங்கள் எதிர்வீட்டு அம்மாவைக் கட்டடத்தில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வருடம் எலும்பு முறிவு வார்டில் நர்சாக இருந்தவர். அறுவை சிகிச்சை முடிந்து, ஐயோ அம்மா என்று கிடப்பவர்களை மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் அவருடைய வேலையில் பாதி. கெஞ்சினாலும் விடமாட்டார், திட்டினாலும் விடமாட்டார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே பெரிய டாக்டர்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார் என்று அவர் கணவர் சொல்லிச் சிரிப்பார். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

எழுபத்திரண்டு வயதில் சிஸ்டருக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு அடுப்பு எதற்கு என்பதையே மறந்தார். மறதி தலையோடு நின்றுவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது காலுக்கும் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? எட்டு வைக்க வைக்க அடி சிறுத்துக்கொண்டே வந்தது. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுத்து இழுத்து நடந்தார். ஒரு நாள் குளியலறையில் விழுந்து புருவத்துக்கு மேல் ஐந்து தையல். அன்றிலிருந்து சோபாவின் கையைப் பிடித்தவர், விடவே இல்லை.

மகள்தான் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். வாரத்துக்கு மூன்று நாள். அந்தப் பெண் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை.

"மறதிக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது சார். காலுக்குப் பலம் ஏத்தலாம், தடுமாறாம நடக்க வைக்கலாம். ஆனா அவங்க செய்யணும். விடாம செய்யணும்."

முதல் நாள் ஒரு அளவு எடுத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவளும் மெக்கானிக்கும் தாங்கிப் பிடித்தும் நாற்பத்தொரு விநாடி ஆனது. அதற்கு மேல் சிஸ்டர் எதற்கும் மசியவில்லை.

"கையை எடும்மா. எனக்கென்ன வியாதி? நான் டியூட்டில இருக்கேன், தெரியலையா?"

இரண்டு வாரம் இதே கதை. அந்தப் பெண்ணுக்கே அலுத்துப் போயிருக்க வேண்டும். ஒரு நாள், "சார், நீங்க எழுந்து உக்காந்து காட்டுங்க, பாத்தாவது செய்யறாங்களான்னு பாப்போம்" என்றாள். மெக்கானிக்குக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முனகி, பக்கவாட்டில் சாய்ந்து ஒரு மாதிரி எழுந்தார்.

சோபாவிலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"யாரு உங்களை இப்படி எழுந்திருக்கச் சொன்னது? விழுந்து இன்னொரு எலும்பை உடைச்சுக்கவா? உக்காருங்க ஐயா!"

மெக்கானிக் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் 'ஏங்க' என்றே கூப்பிட்ட சிஸ்டர், அன்று முதல் தடவையாக 'ஐயா' என்றார்.

"நுனிக்கு வாங்க. பாதத்தைப் பின்னால இழுங்க. குனிஞ்சு, மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும். இப்ப எழுந்திருங்க... இப்படி!"

சிஸ்டர் எழுந்து நின்றார். யாரும் தொடவில்லை. சோபாவின் கையை அவரும் தொடவில்லை.

இதை என்னிடம் சொன்னது மெக்கானிக்தான். "நான் பயந்துட்டேங்க. பக்கத்துல போனா மறுபடி உக்காந்துடுவாளோன்னு பயம். அந்தப் பொண்ணு வாயில விரலை வச்சு எனக்குச் சைகை காட்டிச்சு, பேசாதீங்கன்னு."

மறுநாளிலிருந்து அவர் பன்னிரண்டாம் படுக்கை நோயாளி. எண்ணைக் கொடுத்தது சிஸ்டர்தான். காலை பத்து மணிக்கு மனிதர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், கால் மரத்துப் போச்சு" என்று ஆரம்பிப்பார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, சுவரோரம் பக்கவாட்டில் நடப்பது, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைத் தாண்டுவது என்று வரிசையாக நடக்கும். சிஸ்டர் செய்து காட்டுவார், அவர் செய்வார். சரியாக வராவிட்டால் சிஸ்டர் மறுபடி செய்து காட்டுவார். அதனால் மனிதர் வேண்டுமென்றே தப்பாகச் செய்வார். "ஐயாவுக்குக் காது கேக்குது, கால்தான் கேக்கல" என்று திட்டு விழும்.

இரண்டாம் மாதம் சிஸ்டரின் கணுக்காலில் அரைக்கிலோ எடைப்பட்டை ஏறியது. நோயாளிக்குப் போடுவதற்கு முன்னால் சிஸ்டர் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு சட்டம் கண்டுபிடித்திருந்தாள்.

நேற்று செய்த எதுவும் சிஸ்டருக்கு இன்று நினைவில்லை. அந்தப் பெண் வரும்போதெல்லாம், "புதுசா சேர்ந்திருக்கியா?" என்று கேட்பார். ஆனால் நான்காம் மாதம் அளந்தபோது அதே மூன்று மீட்டர், யாரும் பிடிக்காமல், இருபத்து மூன்று விநாடி. "அவங்களுக்குத்தான் ஞாபகமில்ல சார், காலுக்கு இருக்கு" என்று அந்தப் பெண் சொன்னாளாம். சொல்லிவிட்டுத் தானே கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தாளாம்.

ஆறாம் மாதம் நானே கண்ணால் கண்டேன். கண் டாக்டரிடம் போய்விட்டு சிஸ்டரும் கணவரும் மகளும் திரும்பிய மத்தியானம், கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. "என்னை உள்ள விட்டா அரைமணியில ஓட விட்டுடுவேன்" என்று மெக்கானிக் பொருமினார். பழுது பார்க்க வந்தவர்கள் விடுவார்களா? நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கலாம் என்று மகள் என்னை அழைத்தாள். நான் இறங்கிப் போவதற்குள் சிஸ்டர் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, மேல ஏறும்போது நல்ல கால் முதல்ல. எங்க, வைங்க பாப்போம்."

மெக்கானிக் வைத்தார். சிஸ்டரும் வைத்தார். அடுத்த படி. அடுத்தது. மகள் அம்மாவுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது மெக்கானிக்குத்தான். "நின்னு மூச்சு விடுங்க, யாரும் துரத்தல" என்றார் சிஸ்டர். ஐம்பத்து நான்கு படிகள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஆறு மாதம் முன்பு சோபாவை விட்டு எழாத கால்கள் அவை.

தம் வீட்டு வாசலுக்கு வந்ததும் சிஸ்டர் பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்தார்.

"இது யார் வீடு?"

"நம்ம வீடுதாம்மா" என்றாள் மகள்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டி, காலை நன்றாகத் தூக்கி வைத்து, உள்ளே போனார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மறதி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பேச்சே குறைவு. ஆனாலும் அந்தப் பயிற்சி நிற்கவில்லை. அந்தத் தையலுக்குப் பிறகு அவர் விழவும் இல்லை. குளியலறைக்குத் தாமாகவே போய் வருகிறார்.

போன வாரம் தாழ்வாரத்தில் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது நான் வெளியே வந்தேன். சிஸ்டர் நின்று கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைப் பாக்க வீட்லேருந்து யாரும் வரலையா ஐயா?"

"வந்திருக்காங்க சிஸ்டர். தினமும் வராங்க."

"அப்ப சரி. பயப்படாம நடங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்து, சிஸ்டர் முதல் அடி எடுத்து வைத்தார்.