அம்மாவின் புடலங்காயை நானே ஏலத்தில் எடுத்தேன்

புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே அதன் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் சுருண்டுகொள்ளும். மலாக்காப் பக்கம் புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயும் கம்பிக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கிற கொஞ்ச மண்ணில் அம்மா ஒரு பந்தல் போட்டிருக்கிறார். தொழிற்சாலை கேன்டீனில் வேலை முடிந்து வந்ததும், உடை மாற்றுவதற்கு முன்பே பின்கதவைத் திறந்து பந்தலைப் பார்ப்பார். அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு காயைத் தேர்ந்தெடுத்து அதற்குக் கல் கட்டிவிடுவார். பிறகு அது எங்கள் காய் இல்லை.

“இது ஆண்டவருக்கு, கை வைக்காதே” என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவிடம் சொல்வார்.

அந்த அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். “நாங்க ஆட்ட நேந்து விடுவோம், நீங்க காய நேந்து விடுறீங்க. பயப்படாதீங்கக்கா, தொட மாட்டேன்” என்பார்.

இந்த வருடக் காய் நான் பார்த்ததிலேயே நீளமானது. காரின் முன் இருக்கையில் அம்மா மடிமேல் வைத்துக்கொண்டார், அதன் வால் கதவு வரை போய் முட்டியது. வழியெல்லாம் அம்மா அதன்மேல் கை வைத்தபடியே வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அம்மா தோட்டத்துப் பள்ளியோடு நின்றவர், அப்பா லோரி ஓட்டுகிறவர். படிப்புக்காக நான் வடக்கே கெடாவில் இருந்துவிட்டு, இப்போது டுரியான் துங்காலில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வந்த அன்றே கைப்பேசியில் தசமபாகத்தை அனுப்பிவிடுவேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. அனுப்பியதும் கரண்ட் பில் கட்டிய மாதிரி ஒரு நிம்மதி வரும். சந்தோஷம் வந்ததே இல்லை. எனக்கு எதுவோ குறைகிறது என்று தெரியும். அதற்காக ஜெபம்கூடச் செய்திருக்கிறேன்.

எங்கள் சபையில் பண்டிகை அன்று வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுபோய் பலிபீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே கூடாரத்தின் கீழ் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வந்த பணம் ஏழைக் குடும்பங்களுக்குப் போகும். அவரவர் கொண்டுவந்ததை அவரவர் எடுப்பதில்லை. யாரும் அதை ஒரு சட்டமாகச் சொன்னதில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். எனக்கும் அது தெரியும். தெரியாது என்று சொன்னால் இதை எழுதுவது சுலபமாக இருக்கும்.

ஏலம் விட்டவர் செயற்குழு அங்கிள் ஒருவர். வாழைத்தார் போனது, கேக் போனது, ஒரு சேவல் பெரிய ரகளையோடு போனது. கடைசியில் அவர் அம்மாவின் காயை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார்.

“பாம்பு ஒண்ணு வந்திருக்கு. ஏதேன் தோட்டத்துல இருந்து நேரா இங்கதான் வந்திருக்கு. பிடிக்கிற தைரியம் யாருக்கு இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். வேலை செய்யும் இடத்தில் என் சக ஊழியர் ஒருவர் அன்று எங்கள் சபைக்கு வந்திருந்தார், அவரும் சிரித்தார். என் காது சூடானது.

“அஞ்சு வெள்ளி” என்று ஒரு குரல் வந்தது. புக்கிட் பெருவாங்கில் இருக்கும் ஆன்ட்டி அவர், ஓய்வுபெற்ற தாதி. “அதுக்கு மேல கொடுக்க மாட்டேன்லா. போன வருசம் இத விட குட்டையா இருந்துச்சு, அதுக்கே அஞ்சுதான்.”

மறுபடியும் சிரிப்பு. அவ்வளவு நாள் அம்மா வளர்த்த காய்க்கு வெறும் ஐந்து ரிங்கிட்டா என்று எனக்குள் ஏதோ எழும்பியது. நான் எழுந்து நின்று ஒரு பெரிய தொகையைச் சொன்னேன். ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, “அடேயப்பா, சரி, அதுக்கு மேல ஒரு வெள்ளி” என்றார். நான் அதை இரண்டு மடங்காக்கினேன். ஆன்ட்டி மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

“பார்த்தீங்களா? இதுதான் உற்சாகக் காணிக்கை” என்றார் அங்கிள். கைதட்டினார்கள். நான் பணத்தைக் கட்டிவிட்டு, காயைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மாவிடம் நடந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல மனசாத்தான் செஞ்ச தம்பி” என்றார். திரும்பி வரும்போது காய் பின் இருக்கையில் கிடந்தது.

வீட்டில் அப்பா கேட்டார்: “ஏன்டா, நம்ம வீட்டுச் சாமான நாமளே காசு கொடுத்து வாங்கிட்டு வந்தியா? இதுக்குத்தான் கெடாவுக்கு அனுப்பிப் படிக்க வச்சேனா?”

அம்மா அன்று அதைச் சமைக்கவில்லை. மறுநாளும் சமைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் அது நுழையாது, அதனால் மேசைமேல் ஈரத்துணி போர்த்திக் கிடந்தது. ஒடித்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்யா. கொடுத்தத நாமளே எப்படித் திங்கிறது?”

அவர் தூங்கப் போன பிறகு அப்பாதான் சொன்னார். நான் கெடாவில் இருந்த வருடங்களில் நடந்த கதை அது. ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த ஆன்ட்டிதான் அம்மாவின் காயை எடுப்பாராம். ஐந்து வெள்ளியில் தொடங்கி அம்மாவைச் சீண்டிச் சீண்டி, கடைசியில் நல்ல விலை கொடுப்பாராம். அடுத்த ஞாயிறு அதைக் கூட்டு வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவாராம், பின்வரிசை மொத்தமும் சாப்பிடுமாம். “உங்க அம்மா கல் கட்டும்போதே அந்தச் சண்டையையும் கூட்டையும்தான் நெனச்சுக்கிட்டு இருப்பா. நீ வந்து அவங்க வாய மூடிட்ட” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது உண்மைதான், அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். முடியவில்லை. நான் அன்று கொடுக்கவில்லை. சக ஊழியர் முன்னால் அம்மாவின் காய் சின்னதாகத் தெரிந்துவிடக் கூடாது என்று என் வெட்கத்துக்கு ஒரு விலை கட்டினேன். அதற்காக அம்மாவின் ஒரு வருடத்துச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, அம்மா வேலையில் இருந்தபோது, காயைத் துணியோடு காரில் ஏற்றிக்கொண்டு புக்கிட் பெருவாங்குக்குப் போனேன். வால் பக்கம் லேசாக வதங்கத் தொடங்கியிருந்தது. ஆன்ட்டி கேட்டுக்குள் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க தவுக்கே” என்றார், கடை முதலாளியைக் கூப்பிடுவதுபோல. “ஏலத்துல என்னைய ஒரே அடியா உக்கார வச்சிட்டீங்களே.”

“ஆன்ட்டி, இத நீங்க எடுத்துக்குங்க.”

அவர் குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தார். “கொடுத்தா வாங்கிக்குவேன். ஆனா ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்க? சம்மன் கட்ட வந்தவன் மாதிரி.”

மாதா மாதம் தசமபாகம் அனுப்பக் கைப்பேசியை எடுக்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும் போல.

“அம்மா எங்க?”

“வேலையில. நாலு மணிக்கு வந்துடுவாங்க.”

“அப்ப போய் கூட்டிட்டு வா. அவங்க இல்லாம இத நான் வாங்கினா என்ன ருசி இருக்கு? சண்டை போட ஆள் வேணாமா?”

காயை எடுத்துக்கொண்டு திரும்பவும் புக்கிட் ரம்பாய். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் கழுவி, பவுடர் பூசி, ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். காயை மடிமேல் வாங்கிக்கொண்டார். மறுபடியும் வால் கதவை முட்டியது.

கேட்டருகே ஆன்ட்டி இடுப்பில் கை வைத்து நின்றார். “என்ன தங்கச்சி இது, வாடிப்போன சரக்க வீடு தேடிக் கொண்டாந்திருக்க? நாலு வெள்ளி தரேன்.”

“நாலா? ஞாயித்துக்கெழம அஞ்சு சொன்னீங்களேக்கா.”

“அது ஞாயித்துக்கெழம விலை. இன்னைக்குச் செவ்வாக்கெழம.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூடாரத்தில் அன்று எனக்குப் பின்னால் இந்தச் சிரிப்புதான் இருந்திருக்கும். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இருவரும் காயை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். கார் ஒழுங்காகத்தான் நின்றிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பின்வரிசையில் கூட்டுப் பாத்திரம் கை மாறி வந்தது. பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த வாசனை. என்னிடம் வந்தபோது நான் ஒரு கரண்டி மட்டும் போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டினேன்.

“நல்லா போட்டுச் சாப்பிடுய்யா” என்றார் ஆன்ட்டி, வரிசைக்கே கேட்கிற மாதிரி. “மலாக்காவிலேயே விலை கூடின புடலங்காய்லா அது.”

வரிசை சிரித்தது. அம்மாவும் சிரித்தார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். கூட்டு நன்றாக இருந்தது. அம்மா தன் தட்டைப் பார்க்கவில்லை. பாத்திரம் யார் யாரிடம் போகிறது என்பதையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.