அக்கா மக படிப்பும் என் வாயும்

இன்னைக்கு பாலக்கோடு பஸ்ஸுல அக்கா மகளோட வந்தேன். கன்னியாஸ்திரி சிஸ்டருங்க நடத்துற யுனிவர்சிட்டியில சமூகப்பணி படிக்கிறா.

அரூர் வரைக்கும் கேக்கற மாதிரி கண்டக்டர்கிட்ட சொன்னேன்: "இவ ஒரு வரி எழுதினா கலெக்டரே ஓடி வருவாருங்க."

முன்சீட்டு வத்தல்மலைக்கார அம்மா திரும்பி, அவகிட்ட ஒரு போட்டோவைக் குடுத்தாங்க.

"இது எம்மகன் தாயி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். தீவாளியில இருந்து போனே இல்ல. கலெக்டருக்கு எழுதும்மா."

"நான் படிக்கிற பொண்ணுதாங்கம்மா, எனக்கு அதிகாரம் இல்லைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுக்க நானும் கூட வரேன், வாங்க."

"அங்க ரெண்டு தடவ தொரத்திட்டாங்க. நீ எழுது, போதும்." கும்பிட்டுட்டு இறங்கிட்டாங்க. போட்டோவைத் திருப்பி வாங்கல.

வூடு வர்ற வரைக்கும் அக்கா மக அந்தப் போட்டோவையே பாத்துட்டு வந்தா. வாசல்ல நின்னு சொன்னா: "முடியாததுக்கு வாக்குக் குடுக்காதீங்கன்னு சிஸ்டர் மொத நாளே சொன்னாங்க மாமா. எம்பேர்ல நீங்க குடுத்துட்டீங்க."

நான் பேஸ்புக்குல போடறதுல பாதிதான் நெசம்னு உங்களுக்கே தெரியும். இது முழுசும் நெசம்.

போட்டோ கீழ இருக்கு, பின்னாடி பேரும் ஊரும் எழுதியிருக்கு. பெங்களூருல இருக்கறவங்க பாத்துச் சொல்லுங்க.

கலெக்டரைத் தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. எனக்கு அவரைத் தெரியும்னு முன்னாடி இங்க போட்டதெல்லாம் சும்மாங்க.